ஏனாமுக்கு ஒரு மணி இருபது நிமிடம்

அன்பு மகனுக்கு,

முந்தாநாள் நாங்கள் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்ததைப் போனில் சொல்லிவிட்டேன். மருமகள் லாவண்யா கொடுத்தனுப்பிய பூதரேகு இனிப்பை உன் அம்மா முதலியார்பேட்டையில் பாதித் தெருவுக்குப் பங்கு வைத்ததையும் சொல்லிவிட்டேன். சொல்லாதது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் மூன்று முறை போன் செய்தேன். ஒவ்வொரு முறையும் நீ "சாப்ட்டீங்களாப்பா?" என்றாய், நான் "ஆச்சுப்பா, நீ?" என்றேன், அங்கே மழையா, இங்கே வெயிலா என்று பேசிவிட்டு வைத்துவிட்டோம். முப்பத்து நான்கு வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்று பேசியவனுக்குப் பெற்ற மகனிடம் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேச வரவில்லை. அதனால் எழுதுகிறேன். கடைசிப் பக்கம் வரை உன்னைக் காக்க வைக்க மாட்டேன். உனக்குப் புதுச்சேரிக்கு மாற்றல் வரப்போவதாக அலுவலகத்தில் பேச்சு அடிபடுகிறது என்று சொன்னாய் அல்லவா, அது தானாக வரவில்லை. ஆறு மாதத்துக்கு முன்பு உன்னைக் கேட்காமல், உன் அம்மாவுக்கும் தெரியாமல், மனு கொடுத்தவன் நான். நீ விரும்பினால் அதை நிறுத்தலாம். அதற்கு ஒரு வாரம்தான் இருக்கிறது. கோபப்படு, ஆனால் முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு.

ஏனாம் என்ற பெயர் எங்கள் காலத்து அரசு ஊழியர்களை எப்படி நடுங்க வைத்தது என்பது உனக்குத் தெரியாது. நம் புதுச்சேரி அரசாங்கத்தின் ஊர்தான், ஆனால் எங்கேயோ ஆந்திரத்துக்குள் கோதாவரிக் கரையில் கிடக்கிறது. ஆசிரியர் ஓய்வறையில் யாராவது முகம் தொங்கி உட்கார்ந்திருந்தால், "என்னா சார், ஏனாமா?" என்றுதான் முதலில் கேட்போம். தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கிப் போட்டுட்டான் என்று சொல்லிச் சொல்லித் துக்கம் விசாரிப்போம். எனக்கும் ஒருமுறை வந்தது. நீ அப்போது பிறக்கவில்லை. பதவி உயர்வோடு ஏனாம். நான் அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் நாலு நாள் அலைந்து, பதவி உயர்வே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பெரிய ஆபத்திலிருந்து குடும்பத்தைக் காப்பாற்றியவனைப் போல வீட்டுக்கு வந்தேன். அந்த ஊரை ஒருமுறைகூடப் பார்க்காமல் முப்பது வருடம் அதைத் திட்டியிருக்கிறேன். உனக்கு முதல் வேலையே அங்கே என்று உத்தரவு வந்த அன்று, நீ லட்டு வாங்கி வந்தாய். நான் அதை வாயில் போட்டுக்கொண்டே, "கவலைப்படாத, ரெண்டு வருஷத்துல மாத்திடலாம்" என்றேன். உன் முகத்தில் கவலை எதுவும் இல்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை.

எனக்கு இது புதுப் பழக்கமும் இல்லை. நீ எட்டாவது படிக்கும்போது கோரிமேட்டில் இருந்த உன் நண்பன் வீட்டுக்குச் சைக்கிளில் தனியாகப் போகிறேன் என்றாய். தாராளமாகப் போய்வா என்று சொல்லிவிட்டு, நீ தெருமுனை திரும்பியதும் மொபெட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தேன். லாரிக்கும் பேருந்துக்கும் நடுவில் உன் நீலச் சட்டையை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு சிக்னலில் நீ திரும்பிப் பார்த்துவிட்டாய். "அப்பா, வரணும்னா பக்கத்துல வாங்க. இல்லன்னா வீட்டுக்குப் போங்க. இப்டி பின்னாடியே வராதீங்க, மானம் போவுது" என்றாய். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். நானும் சிரித்துக்கொண்டே, வேறு வேலையாக வந்தேன் என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யையும் இப்போது கணக்கில் சேர்த்துக்கொள்.

பிறகு உன் கல்யாணம். ஒரு தெலுங்குப் பெண்ணை உனக்குப் பிடித்திருக்கிறது என்று நீ தயங்கித் தயங்கிச் சொன்னபோது, நாங்கள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை. ஆனால் கல்யாணத்தைப் புதுச்சேரியில்தான் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். சம்பந்தி வீட்டார் இரண்டு வேன் பிடித்து, வழியெல்லாம் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, கசங்காமல் பட்டுப்புடவைகளை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். "ரண்டி, ரண்டி, மா ஊரிகி ரண்டி" என்று லாவண்யாவின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று நாளும் எங்களைத் தங்கள் ஊருக்கு அழைத்தார். வருகிறோம் என்றேன். பெண் கொடுத்த வீட்டுக்கு ஒருமுறை போய்க் கைநனைத்துவிட்டு வருவது நம் பக்கத்து முறை. இரண்டு வருடம் நான் போகவில்லை. யார் கேட்டாலும் தூரம் என்றேன்.

அந்தத் தூரத்துக்கு ஒரு நாள் திடீரென்று வழி பிறந்தது, உனக்கும் தெரியும். போனில் ஏதோ தேடப்போய், இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே உள்ள தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் சொல்லும் ஒரு பக்கம் கிடைத்தது. புதுச்சேரி என்று போட்டேன், உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் ராஜமுந்திரி என்று போட்டேன். அறுநூற்றுப் பத்துக் கிலோமீட்டர், ஒரு மணி இருபது நிமிடம் என்று வந்தது. வேகம், தூரம், நேரம் என்று நானே தாளில் போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. அவ்வளவுதான். ரெட்டியார்பாளையத்தில் உன் சித்தி வீட்டில், மார்க்கெட்டில், மாடியில் துணி காயவைக்கும் எதிர்வீட்டு அம்மாளிடம், எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். "இங்கேர்ந்து திண்டிவனம் போற நேரம்தான். காலையில டிபன் இங்க, மதியச் சாப்பாடு புள்ள வீட்ல." உன் அம்மா மதியத்துக்கு என்ன மீன் வறுத்து எடுத்துப்போவது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

டிக்கெட் எடுக்கப் போனேன். அந்தக் கடையில் இருந்த பெண் என்னிடம் ஒன்பதாவது படித்தவள். கல்பனா என்று பெயர். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், ராஜமுந்திரிக்கு இங்கேர்ந்து நேரா ப்ளேனே இல்லயே சார்" என்றாள். "ஒரு மணி இருபது நிமிஷம்னு போட்டிருக்கானேம்மா" என்று போனை நீட்டினேன். அவள் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "சார், இது ரெண்டு ஊருக்கும் நடுவுல கோடு கிழிச்சுக் கணக்குப் போட்டது. கொக்குக்கு சரியா இருக்கும். மனுஷங்க ஐதராபாத் போயித்தான் திரும்பணும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "முக்கோணத்துல எந்த ரெண்டு பக்கத்த சேத்தாலும் மூணாவது பக்கத்த விடப் பெருசா இருக்கும்னு நீங்கதானே சார் முட்டி போட வச்சு சொல்லிக்குடுத்தீங்க" என்றாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பெண் தேறுவாளா என்று நான் கவலைப்பட்டதுண்டு.

வீட்டுக்கு வந்து படம் போட்டுப் பார்த்தேன். இங்கிருந்து ஐதராபாத் ஏறக்குறைய அறுநூறு கிலோமீட்டர். ராஜமுந்திரிக்கு நேராகப் போனாலும் அதே தூரம். ஐதராபாத்திலிருந்து ராஜமுந்திரி இன்னொரு முந்நூற்று அறுபது. கிட்டத்தட்ட இருசமபக்க முக்கோணம். இவ்வளவு நல்ல உதாரணம் வேலையில் இருந்த காலத்தில் கிடைக்கவில்லையே என்று ஏங்கினேன். உன் அம்மாவுக்கு அந்த ஏக்கம் இல்லை. "தெருவெல்லாம் சொல்லிட்டு வந்துட்டீங்களே, இப்ப நான் எந்த மூஞ்ச வச்சிக்கிட்டு மாவு மில்லுக்குப் போவேன்?" என்றாள்.

இந்த இடத்தில்தான் எனக்கு உள்ளே ஒரு முள் தைத்தது. அந்த மனுவில் நான் என்ன எழுதியிருந்தேன் தெரியுமா? 'என் மகன் பணிபுரியும் இடம் இங்கிருந்து இரண்டு நாள் பயணத் தூரத்தில் உள்ளது. என் மனைவி முழங்கால் வலியால் நடமாட இயலாத நிலையில் உள்ளார்' என்று, மணி மணியான கையெழுத்தில் எழுதியிருந்தேன். அதற்குத் தோதாக உன்னிடமும் போனில் ஒருமுறை அம்மாவுக்கு முட்டி வலி என்று சொல்லி வைத்திருந்தேன். உன் ரயில் எவ்வளவு மெதுவாகப் போனாலும் மறுநாள் போய்விடும். ஊராரிடம் ஒரு மணி இருபது நிமிடம், அலுவலகத்திடம் இரண்டு நாள். ஒரே கணக்குக்கு ஒரே ஆள் இரண்டு விடை எழுதினால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். இரண்டையும் அடித்துவிட்டுப் பக்கத்தில் பூஜ்ஜியம் போடுவேன்.

பயணத்தைப் பற்றி நீ ஏற்கெனவே அம்மாவிடம் நாலு தடவை கேட்டிருப்பாய், இருந்தாலும் என் பங்குக்குச் சொல்கிறேன். லாஸ்பேட்டை விமான நிலையத்தில் அந்தச் சின்ன விமானத்தைப் பார்த்ததும் அவள், "இது என்னாங்க, ரெண்டு பக்கமும் ஃபேன் மாட்டி வச்சிருக்கான்?" என்று கேட்டாள். இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடியவள், மேலே ஏறியதும் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். பிறகு இரண்டையும் திறந்தாள். பிறகு ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவே இல்லை. கடலையும் தென்னந்தோப்பையும் காட்டி, முன்பின் தெரியாத பக்கத்து இருக்கைக்காரருக்கு இது இன்ன ஊராக இருக்கும், அது இன்ன ஏரியாக இருக்கும் என்று விளக்கிக்கொண்டு வந்தாள். சொன்னதில் பாதி தப்பு. நான் திருத்தவில்லை. ஐதராபாத்தில் நாலு மணி நேரக் காத்திருப்பு. அரை மணிக்கு ஒருமுறை, "வாத்தியாரே, ஒண்ணேகால் மணி நேரம் ஆயிடுச்சா?" என்று கேட்பாள். காலையில் வீட்டைப் பூட்டியவர்கள் ராஜமுந்திரியில் இறங்கி, உன் காரில் ஏறி, விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஏனாம் வந்தோம். ஊருக்குள் நுழையும்போதே ஒரு ஸ்கூட்டரின் நம்பரைப் பார்த்துவிட்டு, "ஏங்க, பி ஒய்! நம்ம ஊரு வண்டிங்க!" என்று கூவினாளே, நினைவிருக்கிறதா? அந்த ஸ்கூட்டர்காரர் பயந்துபோய் ஓரமாக நிறுத்திவிட்டார்.

பத்து நாள். தண்ணியில்லாக் காடு என்று நான் முப்பது வருடம் சொன்ன ஊரில், கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் தண்ணீரைப் பார்த்தேன். உன்னைப் பார்த்தேன், அதுதான் பெரிது. ஆற்றங்கரைக் கட்டுமான வேலையில் நீ தலைப்பாகை கட்டிக்கொண்டு நின்று, வேலையாட்களோடு தெலுங்கில் சண்டை போடுவதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். இங்கே பால்காரரிடம்கூடக் குரல் உயர்த்தத் தெரியாத பையன்! சம்பந்தி என்னைப் படகில் கூட்டிப்போனார். அவருக்குத் தமிழ் இல்லை, எனக்குத் தெலுங்கு இல்லை. இரண்டு பேரும் கைவிரலைக் காட்டிக் காட்டி, வெள்ளம் எத்தனை அடி வந்தது, நீ எத்தனை நாள் தூங்காமல் கரையில் நின்றாய் என்பதையெல்லாம் பேசினோம். இறங்கும்போது அவர் உன் வீட்டுப் பக்கம் கையைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அதற்கு எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

ஏழாவது நாள் என்று நினைக்கிறேன். நீ அலுவலகம் போய்விட்டாய். வீட்டுக்குப் பின்னால் லாவண்யாவின் செடிப்பண்ணையில் அவளும் அம்மாவும் எதையோ செய்துகொண்டிருந்தார்கள். நான் நாற்காலியை எடுத்துக்கொண்டு போனேன். தரையில் நன்றாக வேர்பிடித்திருந்த ஒட்டு மாங்கன்றுகளை அவள் மண்ணோடு தோண்டித் தோண்டிப் பையில் நட்டுக்கொண்டிருந்தாள். எதற்கம்மா என்று கேட்டேன். அவளுடைய தமிழ் உனக்குத் தெரியுமே: "மாமய்யா, பாண்டியில மண்ணு எப்படி? செம்மண்ணா, மணலா? இந்த மாமிடி அங்க வருமா?" நான் விழித்தேன். "ட்ரான்ஸ்ஃபர் வருது, ஆயன, உங்க புள்ள, சொன்னாரு. அத்தய்யாவுக்கு முட்டி வலி, நீங்க ரெண்டு பேரும் தனியா. வந்தா போகலாம், பரவால்ல. இதெல்லாம் பைல இருந்தா தூக்கறது ஈஸி" என்றாள். இருநூறு செடி இருக்கும். பாதிக்கு மேல் பைக்கு மாறியிருந்தன. வாடிக்கை பிடித்து, வங்கியில் கடன் கேட்டு, கிணற்றுக்கு மோட்டார் வைத்து அவள் உண்டாக்கிய இடம். முகத்தில் துளி வருத்தம் காட்டாமல், பாட்டுப் பாடிக்கொண்டே பிடுங்குகிறாள். உன் அம்மா நிமிர்ந்து, "என் முட்டிக்கு என்னா?" என்றாள். லாவண்யா என்னைப் பார்த்தாள். நான் எழுந்து, தாகமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். முப்பத்து நான்கு வருடத்தில் எத்தனை பிள்ளைகள் இதே சாக்கைச் சொல்லி என் வகுப்பிலிருந்து வெளியே போயிருக்கிறார்கள்.

திரும்பி வரும்போது ஐதராபாத்தில் அம்மாவிடம் மனுவைப் பற்றிச் சொன்னேன். தவறான இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். நாலு மணி நேரம், எழுந்து போகவும் வழியில்லை. "நடமாட இயலாத நிலையா? இந்த ஏர்போர்ட்டு இந்தக் கடைசிலேர்ந்து அந்தக் கடைசி வரைக்கும் உங்க பையையும் சேத்துத் தூக்கிக்கிட்டு வந்தது யாரு, உங்க பெரிம்மாவா?" என்று தொடங்கினாள். எதிரில் இருந்த குடும்பம் மொழி புரியாமலேயே எங்களை ஆர்வமாகப் பார்த்தது. திட்டி முடித்தாள். பிறகு சொன்னாள்: "அப்பவே போயிருக்கலாங்க. அந்தப் பதவி உயர்வு வந்தப்ப. எனக்குப் போவணும்னு ஆசையாத்தான் இருந்துச்சு. ஆறு, புது ஊரு, மாமியார் இல்லாத வீடு. நீங்க என்னக் கேக்கவே இல்லியே." இத்தனை வருடம் நான் யாரைக் காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேனோ, அவளே இதைச் சொல்கிறாள். "நீ சொல்லியிருக்கலாமே" என்றேன். "நீங்க அவ்ளோ சந்தோஷமா வந்து நின்னீங்க, எப்டி சொல்றது?" என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரு காபியை வாங்கிப் பங்கு போட்டுக் குடித்தோம். அவள் சிரித்துவிட்டாள். எனக்குத்தான் சிரிப்பு வர நேரமாயிற்று.

நேற்றுக் காலை முதல் வேலையாக உன் துறை அலுவலகத்துக்குப் போனேன். மனுவைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். அந்தப் பிரிவில் இருந்தவர் நல்ல மனிதர். "என்னா சார் நீங்க, மாத்துன்னு வந்து நிக்கிறவங்களத்தான் பாத்திருக்கேன், மாத்தாதன்னு வந்து நிக்கிற மொத ஆளு நீங்கதான். பேரு பட்டியல்ல ஏறிடுச்சு சார். நீங்க சொன்னா எடுக்க முடியாது. ஊழியர் அவர் கைப்பட எழுதி அனுப்பணும், அடுத்த வெள்ளிக்குள்ள வந்துச்சுன்னா உண்டு" என்றார். மாற்றலைக் கேட்க அப்பா போதும், வேண்டாம் என்று சொல்ல மகன்தான் வேண்டும் என்பது எந்த ஊர் விதி என்று தெரியவில்லை. ஆனால் எனக்கு அது சரியான தண்டனைதான். பின்வாசல் வழியாக எடுத்துவிட்டு உன்னிடம் சொல்லாமலே இருந்திருப்பேனோ என்னவோ.

ஆகவே மகனே, இனி இது உன் கையில். நீங்கள் அங்கேயே இருங்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் மறுபடியும் நானே முடிவு செய்கிறேன் என்று ஆகிவிடும். இங்கே வர உனக்கு ஆசை இருந்தால் வா, மாடி அறையை வெள்ளையடித்து வைக்கிறேன், செடிக்கு இடம் தேடுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். அம்மாவின் முழங்காலையும் என் வயதையும் கணக்கில் சேர்க்காதே. நாங்கள் நன்றாக இருக்கிறோம். இன்று காலையில் அவள் கல்பனாவுக்குப் போன் போட்டு, பொங்கலுக்கு ஏனாம் போக என்ன வழி என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். உனக்கு அங்கே மூன்று நாள் விடுமுறை உண்டா என்று என்னைக் கேட்கச் சொன்னாள். லாவண்யா 'பரவால்ல' என்று சொன்னால், அதோடு விட்டுவிடாதே. எந்தப் பரவாயில்லை என்று உட்கார்ந்து கேள். இரண்டாவது முறை கேள். நான் முதல் முறைகூடக் கேட்கவில்லை.

மனுவின் நகலை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். நீ படிப்பதற்கு முன்னால் அதை லாவண்யாவிடம் கொடு. தமிழ் எழுத்துப் படிக்க அவள் திணறுவாள், நீ வரி வரியாகச் சொல்லு, முழங்காலையும் விடாதே. அவள் இன்று ஒரு செடியையும் பிடுங்க வேண்டாம் என்று மாமய்யா சொன்னதாகச் சொல். பிறகு அவள் என்னைத் திட்ட நினைத்தால் போன் போடச் சொல், நான் எடுக்கிறேன், முழுவதும் கேட்கிறேன். எனக்குத் தெலுங்கு புரியாதே என்று அவள் தயங்க வேண்டாம். உன் அம்மா பத்து நாளில் வேண்டிய அளவு கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள், பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையாக எனக்குச் சொல்லித் தருவதாகச் சொல்கிறாள். சொந்தமாக ரெண்டு சேர்த்துக்கொள்ளவும் தயாராக இருக்கிறாள்.

உங்கள் இருவரின் குரலுக்காகப் போனைக் கையிலேயே வைத்திருக்கும்,
அப்பா